ஜெபசீலி அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேன்

ஓசூர் சிப்காட்டுக்குக் காலை ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களில், பெண் ஓட்டுகிற வேன் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். வெள்ளை வேன். இடதுபக்கக் கண்ணாடியை செல்லோடேப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் சிலுவை. ஆயுத பூஜை அன்று கம்பெனியில் வண்டிகளுக்குப் பொட்டு வைத்தவர்கள் சிலுவைக்கும் வைத்துவிட்டார்கள். ஜெபசீலி அக்கா அதைத் துடைக்கவில்லை. “ஆசையா வெச்சாங்க, இருந்துட்டுப் போகுது” என்றார்.

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் என் இடம். பத்தலப்பள்ளியில் ஏறினால் கம்பெனி வாசல் வரை போனில் ஏதாவது கவிதை படித்துக்கொண்டு போவேன். அக்கா கண்ணாடியில் பார்த்துவிடுவார்.

“என்னா கவிஞரே, காலங்காத்தால மூஞ்சி இப்படி இருக்குது? யாரு செத்துட்டா கவிதையில?”

“யாரும் சாகலக்கா. மழை பெய்யுது.”

“மழைக்கா இந்த மூஞ்சி? வைப்பர் வேலை செய்யாத வேன ஓட்டிப் பாரு, அப்ப தெரியும் மழை.”

பின்சீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். நான் போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்படித்தான் பழக்கம். பேசத் தெரியாதவனை அவர் ஒருநாளும் பேச வைக்க முயன்றதில்லை. கேலி செய்வார், விட்டுவிடுவார். ஒரு சனிக்கிழமை மட்டும், நான் இறங்கும்போது, “நாளைக்கு வேன் சேலம் பக்கம் போகுது. உனக்கும் அதுல இடம் இருக்குது. வரியா?” என்றார். நான் என்னைப் பற்றி அவரிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்லாததையும் அவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. போனேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என் இடம் அதுதான்.

அக்காவின் ஊர் கெலமங்கலம். அப்பா யேசுராஜ் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் இருந்தார். அம்மா ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் பூ அறுத்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அக்காதான். வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, கெலமங்கலம் சாலையிலேயே இருந்த கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரி. சர்ச்சில் வாங்கிய சிபாரிசில் இடம் கிடைத்து, ஹாஸ்டலில் சேர்ந்து, பாடகர் குழுவிலும் சேர்ந்தார். அக்காவுக்குக் கீழ்க்குரல். மற்றவர்கள் பாடுகிற மெட்டுக்கு அடியில், தரையைப் போல ஓடுகிற குரல். அது இருக்கும்போது யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால்தான் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பாட்டுப் புத்தகம் இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். அக்காவுக்கு வாய்த்த இன்னொருத்தி வின்சி. ஒரு வருடம் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் வருடம் இவர்கள் நெருக்கத்தை யாரோ வார்டனிடம் சொன்னார்கள். வின்சியின் அண்ணன்கள் காரில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். அக்காவைக் கூட்டிப்போகக் காரில் யாரும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். முன்வாசல் வழியாக இல்லை. அந்தக் கல்லூரியில் அனுப்பப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. மெஸ்ஸுக்குப் பின்னால், காய்கறி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் வருகிற சின்னக் கேட். மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து அதன் வழியாக அனுப்புவார்கள். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட வந்து பார்த்தால் ஒரு கட்டில் காலியாக இருக்கும்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றார். பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டார். எந்தப் பாடகர் குழுவிலும் சேரவில்லை. வின்சியைப் பற்றி நான் கேட்டதில்லை. ஒருமுறை அவரே சொன்னார், “கோயமுத்தூர்ல இருக்குறா. ரெண்டு பசங்க. நல்லா இருக்கட்டும்.” 

ஞாயிற்றுக்கிழமை வேனில் எங்களோடு ஸ்டீவும் மாதேஸ்வரி அக்காவும் வருவார்கள். ஸ்டீவ் ஒரு போதகரின் மகன். வேதாகமக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் மட்டும் சொன்னான். மறுநாள் ஜெபக்கூட்டத்தில் அவனுக்காக ஊரே ஜெபித்தது. இப்போது கிருஷ்ணகிரியில் மொபைல் கடை வைத்திருக்கிறான், கிடார் வாசிப்பான். மாதேஸ்வரி அக்கா திருநங்கை. மாம்பழ சீசனில் கூழ் பாக்டரி வேலை, மற்ற மாதங்களில் தையல். ஆண் பெயரில் சேர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியில் பெண் உடை போட்டதற்காக வெளியே நிறுத்தப்பட்டவர். அவர் கிறிஸ்தவரும் இல்லை. “உங்க சாமி என்னையும் சேத்துதான் தொரத்துனாரு, அதனால எனக்கும் பங்கு உண்டு” என்பார்.

செய்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முதலில் ஏதாவது ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்குக் கடிதம் போடுவோம்: எங்களைப் போன்ற பிள்ளைகள் உங்களிடமும் படிக்கிறார்கள், வந்து பேச ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று. பெரும்பாலும் பதில் வராது. வந்தால் வராதீர்கள் என்று வரும். போய் கேட்டுக்கு வெளியே நிற்போம். பாகலூர் பக்கம் ஒரு ஷெட்டில் ஏற்றுமதிக்குத் தேறாத ரோஜாக்களைக் கட்டாக வாங்கிக்கொள்வோம். காம்பு கொஞ்சம் வளைந்திருக்கும், மற்றபடி பூ பூதான். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுப்போம். ஒரு ஊரில் தோட்டத்துக் குழாயைத் திறந்து எங்கள் மேல் அடித்தார்கள். இன்னொரு ஊரில் வயதான பேராசிரியர் ஒருவர் பூவை வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்டீவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

தருமபுரி, சேலம், ஆம்பூர்ப் பக்கம் என்று எங்கெல்லாமோ போயிருக்கிறோம். கெலமங்கலம் சாலைக்கு மட்டும் வேன் போனதில்லை. ஸ்டீவ் பேச்செடுத்தால், “அங்க ரோடு சரியில்ல” என்பார் அக்கா. ரோடு நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஃபெபா வந்தாள்.

அதே கல்லூரியில் மூன்றாம் வருடம். அப்பா கல்லாவி பக்கம் ஒரு சின்னச் சர்ச்சில் உபதேசியார். ஃபெபாவும் ஜூனியர் பெண் ஒருத்தியும் நெருக்கம் என்று வார்டனிடம் பேச்சுப் போனது. அந்தப் பெண்ணை வீட்டார் அழைத்துக்கொண்டார்கள். ஃபெபாவின் அப்பா, “படிச்சது போதும், வா. மாப்பிள்ளை பாத்தாச்சு” என்று போனில் சொன்னார். அவள் ஊருக்குப் பஸ் ஏறாமல், யாரோ கொடுத்த போன் எண்ணைப் பிடித்து அக்காவின் அறைக்கு வந்துவிட்டாள். டிரங்குப் பெட்டியை இறக்கி வைக்க நான்தான் உதவினேன்.

“எந்தப் பக்கமா அனுப்புனாங்க?” என்று அக்கா கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

“மெஸ் பக்கமாக்கா.”

அக்கா அடுப்பைப் பற்றவைக்கப் போய், வெகுநேரம் தீக்குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை செமஸ்டர் செய்முறைத் தேர்வு தொடங்குகிறது. ஹாஸ்டலில் இல்லாத ஹாஸ்டல் மாணவியை லேபுக்குள் விடமாட்டோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். எழுதாவிட்டால் வருடம் போகும், வருடம் போனால் ஃபெபா கல்லாவிக்குத்தான் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஏப்ரல் வரை அந்தக் கல்லூரியில் இருக்க வேண்டும். டிகிரி கையில் வந்துவிட்டால் அப்பாவிடம் நின்று பேசுவேன் என்றாள்.

கடிதம் போட்டோம். ஆபீசிலிருந்து போனில் பதில் வந்தது. கேட்டுக்குள் காலை வைக்கக் கூடாது.

“வெளிய நிக்கலாம்ல?” என்றான் ஸ்டீவ்.

“நிக்கலாம்” என்றார் அக்கா. “போர்டு வேணாம். பேனர் வேணாம். டிசம்பர் மாசம். பாட்டுப் பாடுவோம்.”

மாதேஸ்வரி அக்கா சிரித்தார். “பாட்டா? நீயா? இத்தன வருசத்துல ஹாரன் அடிச்சுதான் கேட்டிருக்கேன்.”

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். குளிர். சாலைக்கு இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ் வயல்கள். அதற்கப்பால் பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகள், யாரோ துவைத்துக் காயப்போட்டு மறந்துவிட்டதைப் போல. ஸ்டீவின் மடியில் கிடார். என் மடியில் உள்ளே பல்பு வைத்த காகித நட்சத்திரம், ஒரு குச்சியில் கட்டியது. ஃபெபா கடைசி சீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பெட்டி எதற்கு என்று நான் கேட்டதற்கு, “இருக்கட்டும்ணா” என்றாள். உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் எடுத்துவந்தாள்.

 கெலமங்கலம் சாலையில் திரும்பும்போது அக்கா இண்டிகேட்டர் போட மறந்தார். அப்படி அவர் மறந்து நான் பார்த்ததில்லை.

கல்லூரி கேட் பூட்டியிருந்தது. உள்ளே, ஆஸ்பத்திரிப் பச்சையில் பெயிண்ட் அடித்த காவல் அறை. வேனைச் சாலையோரமாக நிறுத்தி, ஃபெபாவை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கி நின்றோம். நான் நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்தேன். ஸ்டீவ் கிடாரை ஒருமுறை தட்டினான். எல்லாச் சர்ச்சிலும் பாடுகிற பழைய கிறிஸ்து பிறப்புப் பாட்டு. ஸ்டீவ் எடுத்தான், மாதேஸ்வரி அக்கா தாளம் போட்டார். மூன்றாவது வரியில் அடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது. அந்தக் குரல் வந்ததும் பாட்டுக்குத் தரை வந்துவிட்டது.

காவல் அறையிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார். பெயர் திம்மப்பன் என்று பிறகு தெரிந்தது. தலையில் மப்ளர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சாவிக்கொத்தை உருவிப் பூட்டைத் திறந்து, இரண்டு கதவையும் அகலமாகத் தள்ளினார்.

“பன்னி, பன்னி! ஒளகே பன்னி!” என்று கன்னடத்தில் அழைத்தார். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். “உள்ளாற வாங்க! பனியில நிக்காதீங்க. வேனையும் உள்ள விடுங்க.”

பாட்டு நின்றது. ஸ்டீவ் அக்காவைப் பார்த்தான். உள்ளே போய்விடலாம் என்று அவன் கண் சொன்னது. அக்கா முன்னால் போனார்.

“அண்ணா, நாங்க சர்ச்சுலேர்ந்து வரல. வேற ஆளுங்க. உங்கள ஏதாச்சும் சொல்லிடப் போறாங்க.”

“பாட்டு அதே பாட்டுதானே?”

“பாட்டு அதேதான்.”

“ஸ்டாரு இருக்குது, கிடார் இருக்குது. அப்புறம் என்னாத்த வேற ஆளு?” திம்மப்பன் குரலைத் தாழ்த்தினார். “போன வருசம் கெலமங்கலம் சர்ச்சு ஆளுங்க இப்படித்தான் பாடிகினு வந்தாங்க. எனக்கு இன்னா தெரியும், நான் வெங்கட்ரமண சாமி கும்புடறவன். யாரு, எவுருன்னு கேட்டு நிக்க வெச்சிட்டேன். பிரின்ஸ்பால் அம்மா என்னைக் கிழிச்சிட்டாங்க. கேரல் பாட்டுக்காரங்க வந்தா கேட்டத் தொறக்கணும், டீ சொல்லணும், கேள்வி கேக்கக் கூடாது. இதான் ஆர்டரு. போர்டு புடிச்சிகினு ஒரு கூட்டம் வரும், அவங்களத்தான் விடக் கூடாதுன்னாங்க. உங்ககிட்ட போர்டு இல்லியே?”

“போர்டு இல்ல” என்றார் அக்கா.

“ஆய்த்து, ஆச்சு. போங்க.” சொல்லிவிட்டு அவரே காவல் அறைக்குப் போய் மெஸ்ஸுக்குப் போன் போட்டு டீ சொன்னார்.

அக்கா வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். கேட்டுக்கு நடுவில் வந்ததும் வேன் ஒரு கணம் நின்றது. எஞ்சின் அணைந்ததோ என்று நினைத்தேன். இல்லை. அக்காவின் கால்தான் பிரேக்கில் இருந்தது. பிறகு எடுத்தார்.

ஹாஸ்டல் முற்றத்தில் நின்று மறுபடி பாடினோம். மாடி வராந்தாவில் விளக்குகள் எரிந்தன. ஈரத்தலையோடு, கையில் ரெக்கார்டு நோட்டோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். இரண்டாவது பாட்டில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு முதல்வர் அம்மா வந்தார். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்று ஃபெபா சொல்லியிருந்தாள். கண்ணாடிக்குள் கண்கள் மலர, கடைசிச் சரணத்தை அவரும் பாடினார்.

“அருமையா பாடுனீங்க. எந்தச் சர்ச் நீங்க?”

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி.

“சர்ச் இல்லைங்க மேடம். லெட்டர் போட்டிருந்தோமே, அவங்க.”

முதல்வர் அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, பிரிப்பதற்கு ஆள் வராத பந்தல் போல. கேட் பக்கம் பார்த்தார். திம்மப்பன் அங்கிருந்து கும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து மெஸ்ஸிலிருந்து டீ வந்துவிட்டது. பெரிய தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள், ஒரு கிண்ணத்தில் முறுக்கு. கொண்டுவந்தவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், சமையல்கார நஞ்சம்மா. டம்ளரை அக்காவிடம் நீட்டியவர் அப்படியே நின்றார்.

“சீலிக்கண்ணுதானே நீயி?”

“ஆமாங்க்கா.”

“நான்தானே அன்னிக்கு அந்தக் கேட்டைத் தொறந்து விட்டேன். கல்யாணம் ஆன புதுசு, வேலைக்கு வந்த புதுசு. தொறன்னாங்க, தொறந்தேன். உன் மூஞ்சி இன்னும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குது.” முந்தானையால் வாயைத் துடைத்தார். “குடி. ஆறுது.”

டீ வந்தபிறகு யாரையும் போகச் சொல்ல முடியாது. முதல்வர் அம்மா சால்வையைச் சரிசெய்தார். “சரி, குடிச்சிட்டுப் போங்க” என்றார். குரலில் கோபமில்லை, வழி தெரியாத ஒரு தடுமாற்றம்தான் இருந்தது.

வேனின் திரைச்சீலை அசைவதைப் பார்த்துவிட்ட நஞ்சம்மா தட்டில் மிச்சமிருந்த ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, யாரும் எதுவும் சொல்வதற்குள், நேராக வேனுக்குப் போனார். கடைசி ஜன்னலைத் தட்டினார். திரைச்சீலை விலகியது. “புடி. முறுக்கு வேணுமா?” என்று கேட்பது முற்றம் வரை கேட்டது. பிள்ளைகள் எல்லாரும் வேனைப் பார்த்தார்கள். முதல்வர் அம்மாவும் பார்த்தார். 

கேரல் வீட்டுக்கு வந்தால் முறை ஒன்று உண்டு. பாடி முடித்து, டீ குடித்து, கிளம்பும் முன் வந்தவர்கள் கேட்பார்கள்: இந்த வீட்டில் யாருக்காக ஜெபிக்க வேண்டும்? வீட்டார் பெயர் சொல்வார்கள். அதை எல்லாம் சேர்த்து வீட்டுப் பெரியவர் ஜெபித்து அனுப்பிவைப்பார். அக்கா திட்டம் போட்டுக் கேட்டார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். டம்ளரைக் கீழே வைத்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“யாருக்காக ஜெபிக்கணும்?”

 முன்னால் நின்ற பெண், “எங்கம்மாவுக்கு சுகர்” என்றாள்.

“நாளைக்குக் கெமிஸ்ட்ரி ப்ராக்டிகலுக்கு” என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். “எக்ஸ்டர்னல் நல்லவரா வரணும்னு சொல்லுங்கக்கா!”

சிரிப்பு அடங்கும்போது, தூண் ஓரத்தில் போர்வையைத் தலைவரை போர்த்தியிருந்த ஒருத்தி சொன்னாள்.

“ஃபெபாவுக்காக.”

அவள் யார் பக்கமும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மாடிப்படியிலிருந்து, “ஃபெபாவுக்காக.” அப்புறம் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக. சத்தமாக யாரும் சொல்லவில்லை. மழை தொடங்கும்போது தகரக் கூரையில் முதலில் ஒரு துளி விழுமே, பிறகு இன்னொன்று, அந்த மாதிரி.

முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். ஜெபிக்காமல் இருக்க முடியாது. அவர்தான் அந்த வீட்டுப் பெரியவர்.

“அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்” என்று தொடங்கினார். சுகருக்கு ஜெபித்தார். தேர்வுக்கு ஜெபித்தார், எக்ஸ்டர்னலுக்கும் சேர்த்து. பிறகு குரல் மெதுவாயிற்று. “எங்கள் மகள் ஃபெபாவையும், ஆண்டவரே, உம்முடைய கரத்தில்...”

நின்றார். அடுத்த வார்த்தையைத் தேடினார். மனந்திரும்பும்படி என்று சொல்ல வந்தாரா, மன்னியும் என்று சொல்ல வந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்ததோ என்னவோ. அந்த இடைவெளியில்—

“ஆமென்!”

முற்றம் முழுக்க ஒரே குரல். மாடியிலிருந்தும் வந்தது. முதல்வர் அம்மா கண்ணைத் திறந்தார்.

“நான் இன்னும் முடிக்கலியே.”

“ஆமென் சொல்லிட்டோமே மேடம்” என்றாள் கெமிஸ்ட்ரிக்காரி, அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு.

ஆமென் சொன்ன ஜெபத்தைத் திரும்பத் தொடங்குகிற வழக்கம் எந்தச் சர்ச்சிலும் இல்லை. முதல்வர் அம்மாவின் உதட்டு ஓரம் துடித்தது. அது சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை. வேன் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். ஃபெபா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலில் இருந்தாள்.

“நாளைக்கு எத்தன மணிக்கு உன் பேட்ச்?”

“ஒம்பது மணி, மேடம்.”

“ரெக்கார்டு முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன் மேடம். அக்கா வீட்டுல உக்காந்து முடிச்சேன்.”

 முதல்வர் அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “எக்ஸாம் முடியற வரைக்கும் ஹாஸ்டல்ல இருக்கட்டும். மத்தது எல்லாம் ஜனவரியில கமிட்டி உக்காந்துதான் பேசணும். நான் ஒருத்தியா எதையும் மாத்த முடியாது. இதை நான் செய்யலாம். இவ்வளவுதான் செய்யலாம்.” பிறகு பழக்கத்தில், “நஞ்சம்மா, மெஸ் பக்கமா கூட்டிட்டுப் போயி ரூமுல விடுங்க. ரொம்பக் கூட்டம் வேணாம்” என்றார்.

நஞ்சம்மா நகரவில்லை. அக்காவைப் பார்த்தார்.

“மேடம்” என்றார் அக்கா. குரல் நடுங்கியது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்த ஊரில்கூட நடுங்காத குரல். “அந்த வழி எனக்குத் தெரியும். அது வழியாத்தான் என்னை அனுப்புனாங்க. பெட்டிய இடுப்புல வெச்சிகிட்டு, திருட்டுப் பூனை மாதிரி. இருபது வருசம் ஆச்சு, இன்னமும் ஒரு வீட்டுக்குப் போனா பின்வாசல் எங்கன்னுதான் என் கண்ணு மொதல்ல தேடுது. இவ வேணாம் மேடம். இவ முன்னால வந்துட்டா. முன்னாலயே போகட்டும்.”

முதல்வர் அம்மா அக்காவை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்ததுபோல் பார்த்தார்.

“நீங்க இங்க படிச்சீங்களா?”

“ரெண்டாவது வருசம் வரைக்கும்.”

“கோயர்ல இருந்தா. கீழ்க்குரலு” என்றார் நஞ்சம்மா.

“அது கேட்டுச்சு” என்றார் முதல்வர் அம்மா மெல்ல. பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். “பெட்டி எங்க?”

அவ்வளவுதான். பிள்ளைகள் பாய்ந்தார்கள். டிரங்குப் பெட்டியை இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். “ஏய் மெதுவாடி, கால்!” “இதுல என்னாடி வெச்சிருக்குற, கல்லா?” ஃபெபா இறங்கினாள். போர்வைக்காரி வந்து தன் போர்வையில் பாதியை அவள் தோளில் போட்டாள். ஹாஸ்டல் முன்வாசலில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதற்கு அடியில் எல்லாரும் நெரிசலாக நுழைந்தார்கள். முதல்வர் அம்மா வாசற்படியில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார்.

மாதேஸ்வரி அக்கா மிச்சமிருந்த ரோஜாக்களைத் தட்டில் வைத்து நஞ்சம்மாவிடம் கொடுத்தார். “எல்லாம் கோணப் பூவு. கோவிச்சிக்காதீங்க.”

“தலையில வெச்சா கோணலா தெரியப்போகுது?” என்றார் நஞ்சம்மா. ஒன்றை எடுத்து அங்கேயே கொண்டையில் செருகிக்கொண்டார்.

கிளம்பும்போது திம்மப்பன் கவலையோடு ஓடிவந்தார். “ஏம்மா, நீங்கதான் அந்தப் போர்டு கூட்டமாமே? என் வேலை போச்சா?” பின்னால் வந்துகொண்டிருந்த முதல்வர் அம்மாவின் காதில் அது விழுந்தது. “கேரல் வந்தா தொறக்கணும்னு சொன்னது நான்தான் திம்மப்பா. போய் கேட்டப் பாரு” என்றார். திம்மப்பன் இரண்டு கதவையும் மறுபடி அகலத் திறந்தார்.

சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் அக்கா வேனை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.  ஸ்டீவ் கிடாரின் ஒரு கம்பியை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். காற்றில் முட்டைக்கோஸ் வாசனை.

“அழுவுறியா?” என்றார் மாதேஸ்வரி அக்கா.

“இல்லடி. கிளட்ச்சு இழுக்குது.”

நான் காலி சீட்டைப் பார்த்தேன். கடைசி ஜன்னல் ஓரத்தில், ஃபெபா குடித்துவிட்டு வைத்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அடியில் கல்லூரி மெஸ்ஸின் பெயர் பொறித்திருந்தது. எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் துடைத்து, சிலுவைக்குப் பக்கத்தில், பொட்டு படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

“ஜனவரியில கமிட்டி உக்காருதில்ல, அன்னிக்கு எடுத்துட்டுப் போயி குடுக்கணும்” என்றார். “பாத்திரத்தத் திருப்பிக் குடுக்க வந்தோம்னா யாரு வேணாங்கப் போறா?”

பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“என்னா கவிஞரே, மூஞ்சி இப்படி இருக்குது?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“மழையா?”

“ஆமாக்கா.”

அக்கா சிரித்துக்கொண்டே இண்டிகேட்டரைப் போட்டு வேனைச் சாலைக்கு எடுத்தார். ராயக்கோட்டை சாலை வரும்வரை அந்த டம்ளர் எஞ்சின் அதிர்வில் சன்னமாக ஒலித்துக்கொண்டே வந்தது. அதற்கு அடியில் அக்கா பாடிக்கொண்டு வந்தார்.